பெரட்டுக் களத்தில் இணையக் கடை திறந்த மஃறூப் சேருக்கு

மலைமகள் மடியில் மாணவர் மனங்களில் வணிகம் விதைத்த வித்தகரே! கடைத்தெருவில் பிறந்தும் கல்வித் தெருவைக் கைப்பிடித்த கண்ணியரே! கரும்பலகையைக் கணினியாக்கிக் காட்டிய கைவண்ணக் கலைஞரே! காலம் மாறிய வேகத்துக்குப் பாடமும் மாற வேண்டுமென்று ஓயாது வாதாடி, அந்த வாதத்துக்குத் தம்மையே விலையாகத் தந்த தகைமையாளரே! எங்கள் மதிப்புக்கும் மாறாத அன்புக்கும் உரிய வணிகக் கல்வி ஆசிரியர் எம். ஐ. எம். மஃறூப் அவர்களே!

ஓய்வு பெற்று விடைபெறும் இந்நாளில், ஒன்றாய் உண்டு, ஒன்றாய் உழைத்து, ஒரே பாடசாலை மணிக்கு ஓடி ஓடிப் பழகிய உங்கள் ஆசிரியர் குழாம், அன்போடு வாசித்தளிக்கும் மடல் இது.

இந்த மடலை எழுதும் பொறுப்பு தமிழாசிரியை சுதர்ஷினியாகிய என் தலையில் விழுந்ததைக் கேள்விப்பட்டதும், நீங்கள் ஓய்வறை வாசலில் என்னை மறித்துச் சொன்னீர்கள்: "டீச்சர், சூரியனே சந்திரனேன்னு எழுதிறாதீங்க. மேடையில உக்காந்துக்கிட்டு நான் சிரிச்சுத் தொலைச்சிருவேன், மரியாத கெட்டுப்போகும்." சொன்னபடியே சூரியனையும் சந்திரனையும் விட்டுவிட்டேன், சேர். மேலே உள்ள விளிகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அவைகூட இல்லாவிட்டால் கண்ணாடிச் சட்டம் போடுகிறவரே இதை மடலென்று ஏற்கமாட்டார். நீங்கள் இப்போது சிரித்தால் எங்களுக்கும் ஆறுதலாக இருக்கும். மண்டபத்தில் வேறு யாருக்கும் சிரிப்பு வருவதாகத் தெரியவில்லை.

நற்பண்பின் நாயகரே! நோர்வூட் கடைத்தெருவில் உங்கள் வாப்பாவின் கடையை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. சம்பள நாளில் தோட்டத்துச் சனம் கூட்டமாய் இறங்கி வந்து மாவும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போன கடை அது. மூத்த மகனாகிய உங்களுக்கு அந்தக் கல்லாப் பெட்டியின் பின்னால் ஒரு நாற்காலி காத்திருந்தது. அதைத் தம்பி றம்ஸானுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வெண்கட்டியைக் கையிலெடுத்து மலையேறி வந்தீர்கள். "அவன் சாமான் விக்கிறான், நான் விக்கிறது எப்பிடின்னு சொல்லிக் குடுக்கிறேன். ரெண்டு பேருமே கடைக்காரனுகதான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வீர்கள். உங்கள் கடைக்கு வந்த அதே சனத்தின் பிள்ளைகள்தான் உங்கள் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளையைக்கூட வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளையாக நீங்கள் பார்த்ததில்லை.

நீங்கள் வந்த காலத்தில் இப்பாடசாலையில் வணிகக் கல்வி என்றால் மனனம் செய்து ஒப்புவிக்கும் பாடம். தந்தி கொடுக்க நாட்டில் இடமே இல்லாமற் போன பிறகும் தந்தி வாசகத்தைச் சுருக்கி எழுத எங்கள் பிள்ளைகள் பழகிக்கொண்டிருந்தார்கள். அதே பிள்ளைகளின் அண்ணன்மார் கொழும்புக் கடைகளில் வேலைக்கு நின்று, வங்கி அட்டையை எந்தப் பக்கம் உரசுவது, கைபேசியில் வந்த பணம் வந்ததா வரவில்லையா என்று தெரியாமல் முதலாளியிடம் ஏச்சு வாங்கினார்கள். ஆசிரியர் கூட்டத்தில் நீங்கள் கொதித்தெழுந்த அந்த நாள் எங்களுக்கு மறக்காது. "அங்க நம்ம பையன் காசு வாங்கத் தெரியாம முழிக்கிறான். நாம இங்க இன்னும் தந்தி அனுப்பிக்கிட்டு இருக்கோம்!" என்று மேசையில் தட்டினீர்கள். மேசையில் இருந்த தேநீர்க் குவளை கவிழ்ந்து அதிபர் செல்லசாமி அவர்களின் வெள்ளைச் சட்டை நனைந்தது. அன்றிலிருந்து பாடம் மாறத் தொடங்கியது.

மாற்ற நினைத்தவருக்குக் கையில் என்ன இருந்தது? கணினி அறையில் இருந்த கணினிகளுக்குள் பனி இறங்கி, அவை மூடிவைத்த பெட்டிகளாகக் கிடந்தன. நீங்கள் சலித்துக்கொள்ளவில்லை, சாட்டுச் சொல்லவில்லை. கரும்பலகையில் பெரிய கைபேசி ஒன்றை வரைந்தீர்கள். பச்சை வெண்கட்டியால் வாங்கும் பொத்தான், சிவப்பால் விலக்கும் பொத்தான். பிள்ளைகள் ஒவ்வொருவராய் எழுந்து வந்து விரலால் அழுத்த, டஸ்டரால் துடைத்துவிட்டு அடுத்த திரையை வரைவீர்கள். வரைய நேரம் எடுத்தால், "கொஞ்சம் பொறுங்கடா, நெட் ஸ்லோ" என்பீர்கள். வகுப்பே உருண்டு சிரிக்கும். "சேரோட கம்பியூட்டருக்குக் கரண்டே வேணாம், சோக்கு இருந்தாப் போதும்" என்று விஞ்ஞான ஆசிரியர் நிரஞ்சன் கேலி செய்வார். கேலி செய்தவரே பின்னர் தம் பாடத்துக்கும் அப்படி வரைந்து பார்த்ததை நாங்கள் இங்கே போட்டுக்கொடுக்கிறோம்.

உண்மையான இணையம் வேண்டிய நாளில் பெரட்டுக் களம் உங்கள் வகுப்பறையானது. விடியலில் தொழிலாளரைக் கூட்டி, யாருக்கு எந்த மலையென்று வேலை பிரிக்கும் அந்த வெட்டவெளியில்தான் இந்தச் சுற்றுவட்டாரத்தில் சிக்னல் ஒழுங்காக வரும். பெரட்டுக் கலைந்து கொழுந்துக் கூடைகள் மலையேறியதும், வணிகப் பிரிவுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நீங்கள் அங்கே போவீர்கள். தாய்மார் வேலைக்கு நின்ற இடத்தில் பிள்ளைகள் பாடத்துக்கு நின்றார்கள். மழைக்கும் பனிக்கும் உங்கள் குடையே கூரை. அந்தக் குளிர் உங்கள் நெஞ்சில் இறங்கியதை நாங்கள் கவனித்தபோது காலம் கடந்திருந்தது.

பெரட்டுக் களத்தில் பிறந்ததுதான் "எமது இணையக் கடை" என்ற பாட அலகு. பிள்ளைகள் குழுக்களாகச் சேர்ந்து, உண்மையிலேயே இணையத்தில் ஒரு கடையைத் திறந்து, உண்மையான பொருளை உண்மையான மனிதருக்கு விற்க வேண்டும். கல்வி அலுவலகம் அதைப் பரீட்சார்த்தமாக நம் பாடசாலையில் நடத்த அனுமதித்தது. அதோடு, வணிகக் கல்விப் பாடத்திட்டத்தை மீளாய்வு செய்யும் குழுவில் மலையகத்தின் சார்பில் உங்களையும் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அந்த இடத்தை நீங்கள் எவ்வளவு விரும்பினீர்கள் என்பதை மறைக்க உங்களுக்குத் தெரியவில்லை. கொழும்புக் கூட்டத்துக்கென்று புதுச் சப்பாத்து வாங்கி அலமாரியில் வைத்திருந்ததைத் தம்பி றம்ஸான் எங்களிடம் சொல்லிவிட்டார்.

சேர், இனி எழுதப் போவதை எழுத வேண்டாமென்று நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். மன்னியுங்கள். இதை எழுதாத மடலுக்குச் சட்டம் எதற்கு?

வணிக வகுப்பு மாணவன் துஷாந்தின் குழு தன் கடைக்கு ஒரு பொருள் தேடியது. வீட்டில் இருந்தது தேயிலைத் தூள். தோட்டம் தொழிலாளருக்கு மாதாமாதம் கொடுக்கும் பங்கு. அதைச் சின்னச் சின்னப் பைகளில் கட்டினார்கள். தோட்டத்துப் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று படம் பிடித்தார்கள். தோட்டத்தின் பெயரையே கடைக்கும் வைத்தார்கள். படத்தில் பின்னால் தெரிந்த மலையில் கூடையோடு நின்றவர் துஷாந்தின் தாயார் அழகம்மா. நான்கு தலைமுறையாகத் தங்கள் குடும்பம் பறித்த தேயிலையும் தாங்கள் பிறந்த தோட்டத்தின் பெயரும் தங்களுக்குச் சொந்தமில்லை என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருந்தார்கள்? அவர்களுக்கு அந்த ஐயமே வரவில்லை. கொழும்பிலிருந்து ஓடர்கள் வரத் தொடங்கியபோது துள்ளிக் குதித்தார்கள்.

ஓடர்களுக்குப் பின்னாலேயே தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு வந்தார். தோட்டத்துப் பெயரை அனுமதியின்றிப் பயன்படுத்தியது குற்றம், தேயிலை எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும், பொலிசில் முறைப்பாடு கொடுக்கப் போகிறோம் என்றார். தேயிலைக் களவு என்ற சொல் எழுந்தால் இந்த மலையில் ஒரு குடும்பத்தின் வேலை என்ன ஆகும் என்பதை இங்கே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மறுநாள் காலை பெற்றோர் அதிபரின் அறைக்கு வெளியே நின்றார்கள். துஷாந்தின் தந்தை இராமையா தலையை நிமிர்த்தவே இல்லை.

அழகம்மா மட்டும் பேசினார். "பிள்ளைக மேல தப்பு இருந்தா அடிங்க சேர். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த படத்துல இருக்கிறது நான் பறிக்கிற மல. எங்க பாட்டன் வெட்டி நட்ட மல. அதோட பேரச் சொல்லக்கூட எங்களுக்கு உரிமை இல்லையா?"

எந்தக் கேள்விக்கும் நாக்கு நுனியில் பதில் வைத்திருக்கும் நீங்கள் அன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில், "இதுக்குச் சட்டத்துல ஒரு பதில் இருக்கு தங்கச்சி. அதச் சொல்ல எனக்கு வாய் வருதில்ல" என்றீர்கள்.

தோட்டத்திலிருந்தும் கல்வி அலுவலகத்திலிருந்தும் விசாரணைக்கு வந்தவர்களிடம், "படம் எடுக்கச் சொன்னது நான். பேர் போடச் சொன்னதும் நான். பிள்ளைக நான் குடுத்த வேலையத்தான் செஞ்சாங்க" என்று சொல்லிவிட்டீர்கள். அந்தப் படம் எடுத்த அன்று நீங்கள் ஹட்டனில் பயிற்சி வகுப்பில் இருந்தீர்கள் என்பது எங்கள் அத்தனை பேருக்கும் தெரியும். "சேர், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்று அதிபர் கெஞ்சினார். யோசித்துத்தான் சொன்னீர்கள். முறைப்பாடு பொலிசுக்குப் போகவில்லை. எந்தப் பிள்ளையின் பெயரும் எங்கும் ஏறவில்லை. எந்தத் தாயின் வேலையும் போகவில்லை. பாட அலகு நிறுத்தப்பட்டது. மீளாய்வுக் குழுவில் உங்களுக்கென்று சொல்லப்பட்ட இடத்துக்கு வேறொருவர் போனார். புதுச் சப்பாத்து அலமாரியிலேயே கிடந்தது. இன்றைக்கு உங்கள் காலில் இருப்பது அந்தச் சப்பாத்துதான் என்பதை வாசலிலேயே பார்த்துவிட்டு, இந்த வரியை இப்போதுதான் ஓரத்தில் எழுதிச் சேர்த்தோம், சேர். எங்களில் சிலர் உடனே உள்ளே வராமல் வெளியே நின்றதற்குக் காரணம் அதுதான்.

தாழ்விலும் தளராத தன்மையரே! வேறொருவராக இருந்தால் மிச்சக் காலத்தைப் பழைய குறிப்புகளோடு ஓட்டியிருப்பார். யாரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது. நீங்களோ அடுத்த விடுமுறை முழுவதும் உட்கார்ந்து அந்த அலகை முதல் வரியிலிருந்து திருப்பி எழுதினீர்கள். இணையத்தைப் பற்றியும் விளம்பரத்தைப் பற்றியும் பேசுமுன், புதிய முதற்பாடம் ஒரே கேள்வியாக வந்தது: "விற்க முன் கேள், இது யாருடையது?" அதிபர் தம் பொறுப்பில் அதை மீண்டும் நடத்த விட்டார்.

அந்தக் கேள்வியை வகுப்பில் கேட்டீர்கள். ஜெயந்தினி என்ற பிள்ளை எழுந்து, "நாங்க குடியிருக்கிற லயம் தோட்டத்தோடது சேர். நிலம் தோட்டத்தோடது. நாங்க பள்ளிக்கொடம் வர்ற ரோடுகூடத் தோட்டத்து ரோடுதான். எங்களோடதுன்னு என்னாத்த எழுதுறது?" என்று கேட்டாள். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. மணி அடித்தும் வகுப்பைக் கலைக்கவில்லை. பின்வரிசையிலிருந்து துஷாந்தின் குரல் மெல்ல வந்தது. பழைய சம்பவத்துக்குப் பிறகு அவன் வகுப்பில் பேசியது அன்றைக்குத்தான். "தப்பு இருக்கு சேர். எங்க மாமா வச்சிருக்கிற தப்பு அவரோடது. அடிக்கிற கையும் அவரோடது."

மாமாவின் தப்பு மேளக் குழுவுக்கு இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார்கள். உடப்புசல்லாவையிலிருந்து கலியாண வீட்டுக்காரர் அழைத்தார்கள். பிறகு கோயில் திருவிழாவுக்கும் அழைத்தார்கள். ஜெயந்தினி தன் தாயாரின் தையலுக்கு ஒரு பக்கம் திறந்தாள். தங்களுடையதைக் கண்டுபிடித்த பிள்ளைகளின் முகம் எப்படி இருக்கும் என்பதை நாங்கள் அந்தத் தவணையில் பார்த்தோம். அதைப் பார்க்கவே வேறு பாட ஆசிரியர்கள் உங்கள் வகுப்பு ஜன்னலில் வந்து நின்றார்கள்.

இப்போது, நீங்கள் போகிற வேளையில், அந்தப் பாட அலகைக் கல்வி அலுவலகமே பக்கத்துப் பாடசாலைகளுக்கெல்லாம் அனுப்புகிறது. வருகிற தை மாதம் முதல் அங்கேயெல்லாம் வணிக வகுப்பில் முதல்நாள் கேட்கப்படப் போவது உங்கள் கேள்விதான். ஆனால் அனுப்பப்பட்ட பிரதியில் உங்கள் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கேட்டபோது, "பேர் எதுக்கு டீச்சர், பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தாச் சரி" என்றீர்கள். உங்களுக்குச் சரி, எங்களுக்குச் சரியில்லை. இது யாருடையது என்று கேட்கச் சொல்லித் தந்தவர் நீங்கள், கேட்டுவிட்டோம். பதிலையும் இந்தச் சபையில், பெற்றோர் முன்னிலையில், பிள்ளைகள் முன்னிலையில் உரக்க வாசிக்கிறோம். அது மஃறூப் சேருடையது.

இதனிலும் பெரிய துயரம் ஒன்று உண்டு. பக்கத்துப் பாடசாலைகளுக்கெல்லாம் போகிற அந்தப் பாடத்தை, அது பிறந்த இந்தப் பாடசாலையில் படிப்பிக்க ஆளில்லை. உங்கள் இடத்துக்கு எவரும் நியமிக்கப்படவில்லை. வணிகப் பிரிவை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கலைப் பிரிவில் சேர்க்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. எட்டிப் போகக்கூடிய பிள்ளைகள் ஹட்டனுக்குப் போவார்கள். மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வருதில்லை, சேர். உங்கள் சொல்லையே இரவல் வாங்கிக்கொள்கிறோம்.

ஓய்வுக்குப் பிறகும் வந்து படிப்பிக்க நீங்கள் துடித்ததை அறிவோம். இந்தக் குளிரில் இன்னொரு மழைக்காலத்தை உங்கள் நெஞ்சு தாங்காது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மகள் ரிஸ்லா புத்தளத்தில் வெயில் விழும் வீடொன்றில் உங்களுக்கு அறை ஒதுக்கி வைத்திருக்கிறார். நீங்களோ போகிற இடத்திலிருந்தே கைபேசி வழியே வகுப்பெடுப்பதாக அதிபரிடம் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அடுத்த நியமனம் வரும்வரை, பெரட்டுக் கலைந்த பிறகு, பிள்ளைகள் அந்தக் களத்தில் கூடுவார்கள். அதிபரின் கைபேசியை ஒரு கொழுந்துக் கூடையின் மேல் சாய்த்து வைப்பார்கள். கரும்பலகையில் திரையை வரைந்து காட்டிய நீங்கள் அந்தத் திரைக்குள் வந்து பேசுவீர்கள்.

நல்ல ஏற்பாடுதான். பாடம் போகும், வகுப்பை மூடாமல் தடுக்க எங்களுக்கு ஒரு காரணமும் கிடைக்கும். ஆனால் பனி இறங்கினால் சிக்னல் போய்விடும், சேர். பேசிக்கொண்டிருக்கும்போதே உங்கள் முகம் அசையாமல் நின்றுவிடும். "கொஞ்சம் பொறுங்கடா, நெட் ஸ்லோ" என்று நீங்கள் அங்கே சொல்வது எங்களுக்குக் கேட்காது. அப்போது பிள்ளைகள் சிரிக்கமாட்டார்கள். பனி விலகும்வரை அந்தக் களத்தில் காத்துக்கொண்டு நிற்பார்கள். நாங்களும் நிற்போம்.

போன வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் நீங்கள் வரைந்த திரை இன்னும் கரும்பலகையில் இருக்கிறது. அதைத் துடைக்கும் முறை யாருடையது என்று கேட்டால் வகுப்பில் எல்லாரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

பண்பின் பெட்டகமே! உங்கள் உழைப்புக்கெல்லாம் உறுதுணையாய் நின்று, பெரட்டுக் களத்துக் குளிருக்கு இஞ்சித் தேநீரைப் போத்தலில் ஊற்றி அனுப்பிய உங்கள் துணைவியார் செரீபா அவர்களுக்கும் எங்கள் நன்றி. எல்லாம் வல்ல இறைவன் உங்கள் இருவருக்கும் நிறைந்த ஆயுளையும் குறையாத நலத்தையும் அருள்வானாக! புத்தளத்து வெயில் உங்கள் நெஞ்சுச் சளியைக் கரைக்கட்டும்! பேரப்பிள்ளைகள் உங்களை ஓயவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்! உங்கள் கேள்வி கேட்கப்படும் வகுப்புகளெல்லாம் உங்களை வாழ்த்தட்டும்!

மடலை இத்தோடு முடித்து, கையொப்பமிட்டு, சட்டம் போடக் கொடுப்பதாகத்தான் இருந்தோம். நேற்று மாலை அழகம்மா பாடசாலைக்கு வந்தார். கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார். சபையில் எழுந்து பேச அவருக்குக் கூச்சம். "நீங்க எழுதுற கடுதாசியில இதயும் சேத்துக்கங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போது மண்டபத்தின் கடைசி வரிசையில் இருக்கிறார். அவர் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் வாசிக்கிறேன்:

"மல எங்களோடது இல்லன்னு சொன்னாங்க. சரின்னு கேட்டுக்கிட்டோம். மஃறூப் சேர் எங்களோட ஆளு. அத இல்லன்னு எந்தத் தொரையும் வந்து சொல்ல முடியாது."

இங்ஙனம்,
அழகம்மா சொன்னதற்குக் கீழே ஒருமித்துக் கையொப்பமிடும்
அதிபர், ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள்,
நோர்வூட்.